புதன்கிழமை கேள்விகள்: குழந்தைகளின் தடுப்பூசி பற்றி அம்மாக்கள் கேட்பவை

தமிழ்நாட்டுக் கிராமங்களில் புதன்கிழமை என்றால் ஊசி நாள். துணை சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ நீல நிற ஐஸ் பெட்டியோடு நர்ஸ் உட்கார்ந்திருப்பார். அந்த நாற்காலியில் பல வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் நான். ஊசியே வேண்டாம் என்று சண்டை போட்ட குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆசையாகத் தொடங்கிவிட்டுப் பாதியில் நின்றவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். கேள்விகள் எல்லாம் என்னிடம் கேட்கப்பட்டவை.

எந்த வயதில் என்ன ஊசி? ஒரே தடவையில் சொல்லுங்களேன்.

பிறந்ததும் காச நோய்க்கான பி.சி.ஜி., மஞ்சள் காமாலைக்கான ஹெபடைடிஸ் பி ஊசி, போலியோ சொட்டு மருந்து. அப்புறம் ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என்று மூன்று தடவை. இந்த மூன்று தடவையும் ஐந்து நோய்க்கான பென்டா ஊசி, போலியோ சொட்டு, வயிற்றுப்போக்குக்கான ரோட்டா மருந்து உண்டு. அதில் முதல் தடவையும் மூன்றாவது தடவையும் நிமோனியாவுக்கான பி.சி.வி. ஊசியும் போலியோ ஊசியும் சேரும்.

9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி. நாங்கள் எம்.ஆர். என்போம். அன்றைக்கே பி.சி.வி. மூன்றாவது தவணை, போலியோ ஊசி மூன்றாவது தவணை, வைட்டமின் ஏ திரவம். 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் எம்.ஆர். இரண்டாவது தவணை, தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி மூன்றுக்கும் சேர்த்துப் போடும் முத்தடுப்பு ஊசியின் முதல் பூஸ்டர், போலியோ சொட்டு பூஸ்டர். 5 வயதில் முத்தடுப்பின் இரண்டாவது பூஸ்டர். 10 வயதிலும் 16 வயதிலும் டி.டி. எனப்படும் ரண ஜன்னி, தொண்டை அடைப்பான் ஊசி. கடலூர், விழுப்புரம் போல ஜப்பானிய மூளைக்காய்ச்சல் உள்ள மாவட்டங்களில் அதற்கான ஊசியும் 9 மாதத்தில் ஒன்று, ஒன்றரை வயதுவாக்கில் ஒன்று.

இவ்வளவும் இலவசம். இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். தாய் சேய் நல அட்டையில் அடுத்த தேதியை நர்ஸ் எழுதித் தருவார். அந்த ஒரு தேதியை மட்டும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை ஊசிக்கு என்ன அவசரம்? ஒரு வாரம் கழித்துப் போடக் கூடாதா?

24 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஹெபடைடிஸ் பி கிருமி அம்மாவின் உடம்பில் அவருக்கே தெரியாமல் இருக்கலாம். பிரசவ நேரத்தில் அது குழந்தைக்குப் போய்விடும். பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் உடம்பே அதை விரட்டிவிடும். பிறக்கும்போதே தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது உடம்போடு தங்கிவிடுகிறது. பல வருடம் கழித்துக் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளியே வரும். மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போது, "ஜீரோ டோஸ் போட்டாச்சா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அட்டையில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரே நாளில் மூன்று ஊசி, இரண்டு சொட்டு மருந்து. பச்சைக் குழந்தை தாங்குமா?

ஒன்றரை மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கண் கலங்காத அம்மாவை நான் பார்த்ததில்லை. இடது தொடையில் பென்டா, வலது தொடையில் பி.சி.வி., வலது கையில் போலியோ. பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் குழந்தை கையை வாயில் வைத்து, ஒரு நாளில் சந்திக்கும் கிருமிகளோடு பார்த்தால் ஊசியில் இருப்பது மிகக் கொஞ்சம். ஒவ்வொன்றையும் தனித்தனி நாளில் போட்டால் வலியும் குறையாது, பாதுகாப்பும் தள்ளிப்போகும். கக்குவான் இருமல் ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைகளைத்தான் அதிகம் கொல்கிறது. அதனால்தான் இந்த மூன்று தவணையும் இவ்வளவு நெருக்கமாக வருகின்றன.

பென்டா ஒரே குத்தில் ஐந்து நோய்க்கு: தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி, ஹெபடைடிஸ் பி, ஹிப் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும். அரசுத் திட்டத்தில் இது இந்தியாவிலேயே முதலில் வந்தது தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான், 2011 டிசம்பரில்.

ஊசி போட்டவுடன் பால் கொடுங்கள். அழுகை சீக்கிரம் அடங்கும்.

காய்ச்சல் அடித்தால் என்ன செய்வது? போன தடவை ராத்திரி முழுக்க அழுதான்.

பென்டாவுக்கும் முத்தடுப்புக்கும் காய்ச்சல் வருவது சகஜம். ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள். நர்ஸ் கொடுக்கும் பாராசிட்டமாலை அவர் சொன்ன அளவில் மட்டும் கொடுங்கள். அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்த அளவு உங்கள் குழந்தைக்குப் பொருந்தாது. ஊசி போட்ட இடம் வீங்கியிருந்தால் சுத்தமான ஈரத்துணியை வைக்கலாம். எண்ணெய் தேய்ப்பது, நீவி விடுவது, மஞ்சள் பூசுவது வேண்டாம். பாட்டிகள் அன்பில்தான் செய்கிறார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

எம்.ஆர். ஊசிக்கு வேறு கணக்கு. அன்றைக்கு ஒன்றும் இருக்காது. ஒரு வாரம் பத்து நாள் கழித்து லேசான காய்ச்சலும் சிவந்த பொரியும் சில குழந்தைகளுக்கு வரும், தானே போய்விடும்.

ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். பஸ் போய்விடும் என்று கிளம்பாதீர்கள். மிக அபூர்வமாக வரும் கடுமையான ஒவ்வாமை பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்தான் தெரியும், அங்கே அதற்கு மருந்து இருக்கிறது. வீட்டுக்குப் போனபின் மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் கதறினால், வலிப்பு வந்தால், மூச்சு வாங்கினால், துவண்டு போனால், இரண்டு நாள் கழித்தும் காய்ச்சல் விடாவிட்டால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். நர்ஸுக்கும் போன் செய்யுங்கள்.

பி.சி.ஜி. போட்ட இடத்தில் சீழ் வைத்திருக்கிறது. பிதுக்கி விடலாமா?

கூடாது. இரண்டு மூன்று வாரம் கழித்துச் சின்னக் கட்டி வரும், உடையும், ஆறும், தழும்பாகும். மருந்து வேலை செய்யும்போது நடப்பது இது. எதுவும் பூசாமல் விட்டுவிடுங்கள். தழும்பே வரவில்லை என்றாலும் மறுபடி போட வேண்டியதில்லை.

சளி பிடித்திருக்கிறது. இன்றைக்கு ஊசி வேண்டாம்தானே?

மூக்கு ஒழுகுவது, லேசான இருமல், லேசான சூடு, சாதாரண வயிற்றுப்போக்கு எதுவும் ஊசியைத் தள்ளிப்போடக் காரணம் இல்லை. மழைக்காலத்தில் சளி இல்லாத குழந்தையே கிடையாது. அதற்காகக் காத்திருந்தால் வருடம் ஓடிவிடும். கடும் காய்ச்சலோ, மருத்துவமனையில் சேர்க்கும் அளவு நோயோ இருந்தால் மட்டும் குணமானபின் போடலாம்.

யாருக்குத்தான் போடக் கூடாது?

மிகச் சிலருக்கு. முன் தவணையில் கடுமையான ஒவ்வாமை வந்த குழந்தைக்கு அதே ஊசி கூடாது. புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும், அல்லது எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்த குழந்தைகளுக்கு எம்.ஆர். போன்ற உயிருள்ள கிருமி ஊசிகளை டாக்டரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். குடல் செருகல் வந்த குழந்தைக்கு ரோட்டா கூடாது. ஊசிக்குப் பின் வலிப்பு வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இவர்களைச் சுற்றியுள்ள மற்ற குழந்தைகள் ஊசி போட்டிருந்தால்தான் இவர்களுக்கும் பாதுகாப்பு.

தேதி தவறிவிட்டது. ஐந்து மாதம் ஆகிவிட்டது. இனிமேல் போனால் திட்டுவார்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

வேண்டாம். எங்கே விட்டீர்களோ அங்கிருந்து தொடரலாம். போட்ட ஊசி வீணாகாது, உடம்பு அதை மறக்காது. நான்கு வாரத்துக்குக் குறையாத இடைவெளியில் மீதியை முடித்துவிடலாம். அடுத்த புதன்கிழமையே வாருங்கள்.

இது ஏன் இவ்வளவு பேருக்கு நடக்கிறது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். நம் ஊரில் முதல் பிரசவம் அம்மா வீட்டில். மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்துப் புகுந்த வீட்டுக்குக் கொண்டுவிடுவார்கள். சீர், தொட்டில், வெள்ளிக் கொலுசு எல்லாம் பத்திரமாகப் போகும். அட்டை மட்டும் அம்மா வீட்டு பீரோவில் துணிக்கு அடியில் இருக்கும். அந்த ஊர் நர்ஸின் பதிவேட்டில் குழந்தை 'ஊரில் இல்லை', இந்த ஊர் நர்ஸுக்கு இப்படி ஒரு குழந்தை வந்திருப்பதே தெரியாது. இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு குழந்தை விழுந்துவிடும்.

ஒரு பெண் நினைவுக்கு வருகிறாள். பதினாலு மாதக் குழந்தை, ஒரே ஒரு பென்டாதான் போட்டிருந்தது. வேறொரு இடத்தில் தாமதமாகப் போனதற்கு எல்லோர் முன்னாலும் யாரோ சத்தம் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு எந்தப் பக்கமும் போகவில்லை. நான் வீடு வீடாகப் போனபோது குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போய்விடுவாள். மூன்றாவது தடவை ஊசியைப் பற்றிப் பேசாமல் மோர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். அந்தப் புதன்கிழமை அவளாகவே வந்தாள். "திட்டமாட்டீங்களேக்கா?" என்பதுதான் முதல் வார்த்தை. மற்ற நர்ஸ்களுக்கும் சொல்கிறேன்: தாமதமாக வந்த அம்மாவிடம், "வந்தீங்களே, நல்லது" என்று தொடங்குங்கள்.

சில மருந்துகளுக்கு வயது எல்லை உண்டு. பி.சி.ஜி., ரோட்டா முதல் தவணை, பென்டா முதல் தவணை மூன்றும் ஒரு வயதுக்குள் தொடங்கியாக வேண்டும். எம்.ஆர். ஊசியும் போலியோ சொட்டும் 5 வயது வரை, முத்தடுப்பு 7 வயது வரை. பென்டாவே தொடங்காமல் ஒரு வயது தாண்டிவிட்டால் முத்தடுப்பு ஊசியாகப் போடுவார்கள். ஆக, எதுவும் முடிந்துபோகவில்லை, ஆனால் சும்மா தள்ளிப்போடவும் நேரம் இல்லை.

இந்த நோயெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது?

ஊசி போட்டதால்தான் கண்ணில் படவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒவ்வொரு ஊரிலும் காலை இழுத்து நடக்கும் ஒரு பையனாவது இருப்பான். இளம்பிள்ளை வாதம். இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு சின்னப் பெண் குழந்தை. 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்று சான்று கிடைத்தது.

ஊசி குறைந்த இடத்தில் நோய் திரும்பிவிடுகிறது. பக்கத்துக் கேரளாவின் மலப்புறத்தில் 2016இல் தொண்டை அடைப்பான் வந்து பிள்ளைகள் இறந்தார்கள். 2022இல் மும்பையில் தட்டம்மை பரவிக் குழந்தைகளைக் கொண்டுபோனது. தட்டம்மை வந்த ஒருவரிடமிருந்து, ஊசி போடாதவர்கள் நடுவில் 12 முதல் 18 பேருக்குப் பரவும். அதைத் தடுக்க நூற்றுக்கு 95 பேராவது இரண்டு தவணையும் போட்டிருக்க வேண்டும். ரண ஜன்னிக் கிருமியோ மண்ணில் இருக்கிறது. அதை யாரும் ஒழிக்கவே முடியாது, உடம்பைத் தயாராக வைத்திருக்கத்தான் முடியும்.

அம்மை வருவது ஆத்தா வந்து போவது என்கிறார் மாமியார். வந்தால் நல்லதுதானே?

அவர் நம்பிக்கையோடு நீங்கள் சண்டை போட வேண்டாம். கூழ் ஊற்றுங்கள், வேப்பிலை கட்டுங்கள், ஊசியும் போடுங்கள். பெரியம்மைக்கும் இதே பயபக்திதான் இருந்தது. தடுப்பூசியால் அது 1980இல் உலகத்தை விட்டே போய்விட்டதாக அறிவித்தார்கள். மாரியம்மன் கோயில் திருவிழா ஒன்றும் குறைந்துவிடவில்லை.

தட்டம்மை, மணல்வாரி என்கிறோமே, அது வெறும் பொரி இல்லை. நிமோனியா வரும், காது சீழ் பிடிக்கும், சத்துக் குறைந்த குழந்தைக்குக் கண் பார்வை போகும். மற்ற நோய்களுக்கு உடம்பு சேர்த்து வைத்த எதிர்ப்புச் சக்தியையும் அழித்துவிடும். அதனால் அம்மை இறங்கிய பிறகும் பல மாதம் குழந்தை மாறி மாறிப் படுக்கும். 9 மாதத்தில் எம்.ஆரோடு வைட்டமின் ஏ கொடுப்பதும் கண்ணுக்காகத்தான். அதை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை 5 வயது வரை கொடுக்க வேண்டும்.

ரூபெல்லா குழந்தைக்கு ஒன்றும் செய்யாமல் போய்விடலாம். ஆனால் அந்தக் குழந்தையிடமிருந்து மாசமாக இருக்கும் அத்தைக்கோ சித்திக்கோ தொற்றினால், வயிற்றில் இருக்கும் பிள்ளை கண்புரையோடும் காது கேளாமலும் இதயக் கோளாறோடும் பிறக்கலாம். உங்கள் வீட்டுப் பையனுக்குப் போடும் ஊசி தெருவில் இருக்கும் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சேர்த்துத்தான்.

ஊசியால் ஆட்டிசம் வரும், பிள்ளை பிறக்காது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

2017 பிப்ரவரியில் எம்.ஆர். முகாம் நடந்தபோது இதே செய்திகள்தான் சுற்றின. 9 மாதத்திலிருந்து 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டோம். பள்ளி வாசலில் வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போன அப்பாக்களை நான் கோபித்துக்கொள்ளவில்லை. பயந்தார்கள், அவ்வளவுதான்.

ஆட்டிசம் கதை 1998இல் இங்கிலாந்தில் ஒரு மருத்துவர் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. பன்னிரண்டே குழந்தைகளை வைத்து எழுதியது. அதில் இருந்த தகவல்கள் சரியில்லை என்று தெரிந்து 2010இல் அந்தப் பத்திரிகையே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அந்த மருத்துவரின் பதிவும் பறிபோனது. பிறகு டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைப் பல வருடம் கவனித்து 2019இல் வெளியிட்டார்கள். ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வித்தியாசம் இல்லை. பேச்சு வராதது ஒன்றரை வயதுவாக்கில் தெரிகிறது, ஊசியும் அப்போதுதான் வருகிறது. அதனால் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறோம்.

மலட்டுத்தன்மை பற்றிய பேச்சுக்கு ஆதாரமே கிடையாது. அன்று போலியோ சொட்டு குடித்த பிள்ளைகள்தான் இன்று அவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வருகிறார்கள்.

அரசு ஊசி நல்லதா, தனியாரில் போடும் 'வலியில்லா ஊசி' நல்லதா?

வசதி இருப்பவர்கள் தனியாரில் போடலாம், தவறில்லை. ஆனால் கடன் வாங்கிப் போடாதீர்கள். வலியில்லா ஊசியில் காய்ச்சல் குறைவு, அது உண்மை. அரசு பென்டாவில் கக்குவான் கிருமியை முழுதாகக் கொன்று சேர்த்திருப்பார்கள். காய்ச்சல் கொஞ்சம் அதிகம், கக்குவானுக்கு எதிரான பாதுகாப்பும் கூடுதல் காலம் நிற்கிறது. சின்னம்மை, டைபாய்டு, புட்டாலம்மை ஊசிகள் அரசுப் பட்டியலில் இல்லை. அவை வேண்டுமானால் குழந்தை மருத்துவரிடம் கேட்டுப் போடலாம். இரண்டு இடத்திலும் போடுகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே அட்டையில் எழுதச் சொல்லுங்கள்.

அரசு மருந்து கெட்டுப்போயிருக்குமோ என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு நான் குப்பியையே கையில் காட்டுவேன். மேலே ஒரு வட்டம், அதற்குள் ஒரு சின்னச் சதுரம். சதுரம் வட்டத்தை விட வெளுப்பாக இருந்தால் மருந்து நன்றாக இருக்கிறது. சூடு பட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிடுவோம். சிரிஞ்ச் ஒரு தடவை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், இரண்டாவது குழந்தைக்குப் போடவே முடியாது. எம்.ஆர்., பி.சி.ஜி. இரண்டும் கரைத்த நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மிஞ்சினால் கொட்டிவிட வேண்டும். அதனால்தான் சாயங்காலம் வருகிறேன் என்றால் நர்ஸ் முகம் மாறுகிறது. அதற்காக, ஒரே குழந்தை என்று யாராவது திருப்பி அனுப்பினால் ஏற்காதீர்கள். ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்க வேண்டும் என்பதுதான் விதி. நீங்களும் தாராளமாகக் கேளுங்கள்: "குப்பியைக் காட்டுங்க சிஸ்டர்."

பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான். இன்னும் ஊசியா?

ஆமாம். அதிகம் மறக்கப்படுவது இந்த மூன்றும்தான்: 5, 10, 16 வயது. தொண்டை அடைப்பானுக்கும் ரண ஜன்னிக்கும் குழந்தையில் போட்ட சக்தி வருடம் போகப் போகக் குறையும். 5 வயது ஊசியை ஒன்றாம் வகுப்பு சேர்க்கையோடு முடிச்சுப் போட்டு நினைவில் வையுங்கள். ஐந்தாம் வகுப்பிலும் பதினோராம் வகுப்பிலும் பள்ளிக்கு வந்து போடுவார்கள். அன்றைக்கு லீவு போட்டிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பெண் பிள்ளை இருப்பவர்களுக்கு இன்னொன்று. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. கிருமிக்கு ஊசி இருக்கிறது. 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் பலன் அதிகம். செர்வாவாக் என்ற பெயரில் நம் நாட்டிலேயே தயாராகிறது. உங்கள் ஊரில் இலவசமாகப் போடுகிறார்களா என்று விசாரியுங்கள். அந்தப் புற்றுநோய் முற்றிய நிலையில் வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து விசாரியுங்கள்.

பெரியவர்களுக்கு ஒன்றும் இல்லையா?

கர்ப்பிணி என்று தெரிந்தவுடன் ஒரு டி.டி., நான்கு வாரம் கழித்து இன்னொன்று. இது பிறக்கப்போகும் குழந்தையை ரண ஜன்னியிலிருந்து காப்பாற்றும். முன்பு தொப்புள்கொடி வழியாக அது வந்து பிறந்த ஒரு வாரத்தில் குழந்தைகள் போய்விடும். இந்தியா 2015இல் அந்த நிலையைத் தாண்டியது. சர்க்கரை நோய், ஆஸ்துமா இருக்கும் தாத்தா பாட்டிக்கு ஃப்ளூ, நிமோனியா ஊசி பற்றி டாக்டரிடம் கேட்கலாம்.

நாய் கடித்தால் முதலில் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எல்லாத் தவணையையும் முடியுங்கள். புண் ஆறிவிட்டது என்று நிறுத்தினால் அப்புறம் திரும்பி வரவே முடியாது. வெறிநோய் வந்துவிட்டால் மருந்து இல்லை.

நாங்கள் ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். எங்கள் குழந்தைக்கு இங்கே போடுவார்களா?

திருப்பூர் பனியன் கம்பெனி, செங்கல் சூளை, கட்டட வேலை, எங்கே இருந்தாலும் போடுவார்கள். ரேஷன் அட்டை, முகவரிச் சான்று தேவையில்லை. உங்கள் மாநில அட்டையே போதும், அதிலிருந்து தொடர்வார்கள். தடுப்பூசி விவரங்களைப் பதிந்து வைக்கும் மத்திய அரசின் யூவின் இணையதளத்தில் போன் எண்ணைப் பதிந்துவிட்டால் எந்த மாநிலத்திலும் விவரம் கிடைக்கும். முதலாளிகளும் மேஸ்திரிகளும் இதைப் படித்தால், புதன்கிழமை அம்மாக்களுக்கு அரை நாள் சம்பளத்தோடு விடுங்கள்.

அட்டை தொலைந்துவிட்டது. இருந்தாலும் எத்தனை வருடம் வைத்திருப்பது?

தொலைந்தால் பயப்படாதீர்கள், கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண்ணோ போன் எண்ணோ இருந்தால் நர்ஸ் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தருவார். எதுவுமே கிடைக்காவிட்டால், போடவில்லை என்று கணக்கு வைத்து மறுபடி போடலாம். ஒரு ஊசி கூடுதலாகப் போனதால் கெடுதல் இல்லை.

இருக்கும் அட்டையை இன்றைக்கே எடுத்து நான்கு பக்கமும் போனில் படம் பிடியுங்கள். வீட்டுக்காரருக்கும் அம்மாவுக்கும் அனுப்பி வையுங்கள். பதினாறு வயது வரை கண்டிப்பாக வேண்டும். அதற்கு மேலும் வைத்திருக்கலாம். ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு பெண் முதல் மாதப் பதிவுக்கு வந்தாள். கூடவே ஒரு பழைய பிளாஸ்டிக் உறை. உள்ளே மடிப்பெல்லாம் கிழிந்து செல்லோடேப் ஒட்டிய அவளுடைய குழந்தைப்பருவ அட்டை. ஒவ்வொரு கட்டமும் என் கையெழுத்து. கடைசிக் கட்டத்துக்குக் கீழே அவளுடைய புது டி.டி. தேதியை எழுதிக் கொடுத்தேன்.